யாராவது ஃபிக்ரியைப் புரோக்கர் என்று கூப்பிடுங்கள்

எங்கள் எகிப்துக்காரர்களுக்கு வாய் ரொம்பத் தாராளம். எதிரே வருகிறவன் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தால் அவன் எங்களுக்கு இன்ஜினியர். மூக்குக் கண்ணாடியும் சேர்ந்துகொண்டால் டாக்டர். கொஞ்சம் தொப்பை வைத்து, கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வந்தானானால் பாஷா, அதாவது அந்தக் காலத்துப் பிரபு. தலை நரைத்துவிட்டால் மக்கா பக்கம் தலைவைத்துப் படுக்காதவனும் ஹாஜியார். காசா பணமா, கூப்பிட்டுவிட்டுப் போகிறோம். யாரும் யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. கெய்ரோ சந்தையில் "டாக்டரே!" என்று ஒரு குரல் கொடுத்தால் தக்காளி விற்கிறவன் உட்பட பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தப் பாழாய்ப்போன தாராளம் துபாயில் ஒரு நல்ல மனுஷனைக் குடும்பத்தோடு நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்காததால்தான் எழுதுகிறேன்.

மனுஷன் பெயர் ஃபிக்ரி. தந்தா நகரத்துக்காரன். துபாயின் தேரா பகுதியில் எங்கள் கட்டிடத்தில் எனக்கு எதிர்வீடு. நடந்ததை அவனும் சொன்னான், அவன் மனைவி இன்சாஃபும் சொன்னாள். அவன் சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டு, அவள் சொன்னதை முழுசாக நம்பி இங்கே தருகிறேன்.

வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஃபிக்ரிக்கு வேலை. முதலாளி போய்ச் சேர்ந்ததும் மகன் கம்பெனியை மூடிவிட்டு அந்த இடத்தில் நாய்களுக்கு முடி வெட்டும் கடை திறந்தான். ஃபிக்ரிக்கு வேலை போனது. இந்த ஊரில் வேலை போனால் அதன் பின்னாலேயே விசாவும் போகும். ஆனால் சொந்தமாகத் தொழில் உரிமம் வாங்கிவிட்டால் அதன் பேரிலேயே விசா கிடைக்கும், குடும்பத்தையும் வைத்துக்கொள்ளலாம். கெடு மார்ச் மாத முடிவு வரை. அதற்குள் உரிமம் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவனுக்கென்ன, போய்விடுவான். பிரச்சினை மகள் ரீஹாம். பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம், ஜூனில் பெரிய பரீட்சை. எங்கள் நாட்டில் அந்த ஒரு பரீட்சையை வைத்துத்தான் பிள்ளைகளின் தலைவிதியையே எழுதுகிறார்கள். நடு வருஷத்தில் ஊருக்குப் போனால் எந்தப் பள்ளியும் சேர்க்காது, வருஷம் வீண். அந்தப் பெண்ணோ சாப்பிடும்போதும் ஒரு கையில் புத்தகத்தோடு உட்காருகிறவள்.

"இவ்வளவுதானே? வீட்டு புரோக்கர் வேலைக்கு என்ன பெரிய உரிமம்?" என்றான் ஃபிக்ரி. "ஒருத்தன்கிட்ட வீடு காலியா இருக்கு, இன்னொருத்தனுக்கு வீடு இல்ல. நடுவுல நான். போனமா வாங்கினமான்னு வந்துடலாம்."

பாவம், வெள்ளை மனசு. அவன் போய் நின்ற இடத்தின் பெயரே ஒரு மூச்சில் சொல்ல முடியாதது: முதலீட்டாளர் மகிழ்ச்சிக்கும் தகுந்த உரிமத் தேர்வுக்குமான மையம். கண்ணாடிக் கட்டிடம். உள்ளே நுழைந்தவுடன் கையில் பேரீச்சம்பழம், சின்னக் கிண்ணத்தில் காபி. கவுண்டரில் ரவ்தா என்றொரு பெண். குரலில் அப்படியொரு கனிவு, திட்டவே மனசு வராது.

"ரியல் எஸ்டேட்டா சார்? ரொம்ப சந்தோஷம். விக்கிறதுக்கா, வாடகைக்கு விடறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான் மகளே."

"ரெண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்துல செய்யக் கூடாது சார். காலையில விக்கலாம், சாயங்காலம் வாடகைக்கு விடலாம். மத்தியானத்துக்குத் தனி உரிமம்."

ஃபிக்ரி சிரித்தான். ரவ்தா சிரிக்கவில்லை. தாழ்ப்பாளைத் திறக்க ஓர் உரிமம், திறந்த வீட்டைக் காட்ட இன்னொரு உரிமம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். சமையலறையைக் காட்டினால் உணவுத் துறை அனுமதி வேண்டும். பால்கனியில் நின்று கடலைக் காட்டினால் அது சுற்றுலா வழிகாட்டி வேலை, அதற்குச் சீருடை உண்டு.

"இதெல்லாம் வேணாம்னா, தனி மண்டல உரிமம் ஒண்ணு இருக்கு சார். கூட்டாளி வேணாம், வரி வேணாம், எல்லாம் உங்களுக்கே. ஒரே நிபந்தனை, அந்த மண்டலத்துக்குள்ள இருக்கிற வீடுகளை மட்டும்தான் விக்கலாம்."

"அங்க எவ்வளவு வீடு இருக்கு?"

"வீடு இல்ல சார். கிடங்குங்கதான். அங்க வீடு கட்ட அனுமதி கிடையாது."

"அப்ப இதை எவன் வாங்குவான்?"

"இதுக்குத்தான் சார் கூட்டம் ஜாஸ்தி."

ஃபிக்ரி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "மகளே, நான் வெறும் புரோக்கர். சாதாரண வீட்டு புரோக்கர். அதுக்கு எது சரியோ அதைக் குடு."

அப்போதுதான் அந்த மையத்தின் மூல விதி வெளியே வந்தது. "நீங்க உங்களைப் பத்திச் சொல்றதை நாங்க எடுத்துக்க முடியாது சார். மனுஷங்க தங்களைப் பத்தி உண்மை பேச மாட்டாங்கன்னு எங்க டைரக்டர் கண்டுபிடிச்சிருக்காரு. உங்களை மத்தவங்க எப்படிக் கூப்பிடறாங்களோ அதுதான் உங்க தொழில். அதோ, அந்தத் தூண் கேட்டுச் சொல்லும். நீங்க பாட்டுக்கு உக்காருங்க."

நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு வெள்ளைத் தூண் ஒன்று நின்றது. தலையில் சிவப்பு விளக்கு. காத்திருக்கிறவர்கள் பேசுவதை அது கேட்கும். யாரை யார் என்னவென்று கூப்பிட்டார் என்று பிடித்து, பச்சை விளக்கு எரியவிட்டு, தகுந்த உரிமத்தைத் தானே முடிவு செய்யும். ஒரு தரம் அதன் காதில் விழுந்த பெயர் இந்த ஊரில் இருக்கிற எல்லாக் கவுண்டர்களுக்கும் போய்விடும், வேறு எங்கே போய் நின்றாலும் அதே பெயர்தான்.

ஃபிக்ரிக்குத் துணையாக வந்திருந்தவன் ஷவ்கி. அதே கம்பெனியில் அவனோடு வேலை பார்த்தவன், இப்போது மருந்துக்கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோகிறவன். வண்டியை நிறுத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தான். ஃபிக்ரி நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தான். எகிப்துக்காரன் வேறென்ன சொல்வான்?

"ஏன் நிக்கற? வந்து உக்காரு இன்ஜினியரே!"

பச்சை விளக்கு எரிந்தது. "வருக, பொறியாளர் ஃபிக்ரி அவர்களே," என்றது தூண். "உங்களுக்குத் தகுந்த உரிமம்: நான்கு மாடி வரையிலான கட்டிட வடிவமைப்பு ஆலோசனை."

ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த சத்தத்தையும் தூண் சம்மதமாகக் குறித்துக்கொண்டது.

ஃபிக்ரி கவுண்டருக்கு ஓடினான். "மகளே, எனக்கு ஒரு செவுத்துல ஆணி கூட நேரா அடிக்க வராது!"

"வாழ்த்துக்கள் சார். ஆனா இனிமே நீங்க வீடு விக்கிற உரிமம் கேக்க முடியாது. கட்டறவரே விக்கக் கூடாது, சட்டம்."

"நான் எங்கம்மா கட்டறேன்?"

"இன்ஜினியரா இருந்துட்டுக் கட்டாம இருக்கிறது அதை விடக் குத்தம் சார். வேணும்னா நீங்க இன்ஜினியர் இல்லைன்னு உங்க நாட்டு இன்ஜினியர் சங்கத்துலேர்ந்து சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

கெய்ரோவில் இன்சாஃபின் தம்பி சாபிர் இருந்தான். அவனை விரட்டியதில் ஏதோ ஓர் இன்ஜினியர் சங்கத்தில் போய் நாள் முழுக்க நின்றுவிட்டு ராத்திரி போன் பண்ணினான்.

"மச்சான், அவங்க உறுப்பினருக்கு மட்டும்தான் சான்றிதழ் குடுப்பாங்களாம். நீ இன்ஜினியர் இல்லைன்னு சான்றிதழ் வேணும்னா, முதல்ல நீ இன்ஜினியரா சேரணுமாம். அப்புறம் உன்னை நீக்குவாங்களாம்."

"சரி, நீக்கச் சொல்லேன்!"

"சும்மா நீக்க மாட்டாங்களாம். நீ கட்டின கட்டிடம் ஏதாவது இடிஞ்சிருக்கணுமாம். ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. தேடிப் பாக்கறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

ஃபிக்ரி போனைக் கட்டிலில் எறிந்தான். எதிர்வீட்டில் படுத்திருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது.

மறுவாரம் ஷவ்கிதான் வழி சொன்னான். "நான் கெடுத்ததை நானே சரி பண்றேன். தூணுக்குப் பக்கத்துல உக்காந்து உன்னை வாய் நிறைய புரோக்கர்னு கூப்பிடறேன். கதை முடிஞ்சுது." போகிற வழியில் காரிலேயே ஒத்திகை நடந்தது.

"எங்க, கூப்பிடு."

"வா... வா..." ஷவ்கி தலையில் அடித்துக்கொண்டான். "முடியலடா! உன் வீட்டு முலூக்கியா கீரையும் முயல் கறியும் எவ்வளவு தின்னிருக்கேன்! உன் முகத்தைப் பாத்து எப்படிடா அந்த வார்த்தையைச் சொல்லுவேன்?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் முதுகுக்குப் பின்னால் புரோக்கர் என்று சொல்லலாம், ஏமாந்த பிறகு சொல்லலாம், சண்டையில் சொல்லலாம். நேருக்கு நேர் நண்பனைச் சொன்னால் அத்தோடு உறவு முறிந்தது. பரம்பரை பரம்பரையாக அந்தத் தொழிலில் இருக்கிறவனையும் பாஷா என்றுதான் கூப்பிடுவோம். ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஷவ்கி தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில், "இங்கே வாரும், புரோக்கர் ஃபிக்ரி," என்றான்.

சிவப்பு விளக்கு ரெண்டு தரம் மினுங்கியது. "நடிப்பு கண்டறியப்பட்டது," என்றது தூண். "உள்ளத்திலிருந்து வந்த சொற்கள் மட்டுமே ஏற்கப்படும். இது முதல் எச்சரிக்கை."

ஃபிக்ரிக்கு முகம் வெளுத்து, குப்பென்று வியர்த்தது. பக்கத்தில் இருந்த நாற்காலியில் சாய்ந்துவிட்டான். ஷவ்கி பதறிப்போனான். பதறினால் எகிப்துக்காரனுக்கு மரியாதை இன்னும் கூடும். "ஐயோ, என்னாச்சு டாக்டரே? தண்ணி குடி டாக்டரே! அல்லாஹ்வே, பாஷாவுக்கு மூச்சு வாங்குதே! யாராவது வாங்களேன், பாஷா விழுந்துட்டாரு!"

தூணுக்கு அன்றைக்கு நல்ல வேட்டை. "வருக, டாக்டர் பொறியாளர் ஃபிக்ரி பாஷா அவர்களே. உங்களுக்குத் தகுந்த உரிமம்: நான்கு மாடி மகப்பேறு மருத்துவமனை. குறிப்பு: பாஷா பட்டம் உங்கள் நாட்டில் மன்னராட்சி முடிந்தபோதே ஒழிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வைத்திருப்பதற்கு உங்கள் மன்னரிடமிருந்து கடிதம் கொண்டு வரவும்."

மயக்கம் தெளிந்து எழுந்த ஃபிக்ரி வாசலை நோக்கி நடந்தான். வாசலில் ஒரு சின்ன எந்திரம் உண்டு. இன்றைய சேவை எப்படி என்று கேட்டு, சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம் என்று மூன்று பொத்தான். ஒன்றை அழுத்தினால்தான் கதவு திறக்கும். ஃபிக்ரி அழும் முகத்தைக் கட்டைவிரலால் குத்தினான். கதவு திறக்கவில்லை. ஒரு பணியாள் பேரீச்சம்பழத் தட்டோடு வந்து நின்றான்.

"வெளிய போகணும்," என்றான் ஃபிக்ரி.

"கண்டிப்பா சார். நீங்க மகிழ்ச்சியானதும் போகலாம். பழம் எடுத்துக்கங்க."

ஃபிக்ரி பழம் தின்றான், மறுபடியும் அழும் முகத்தைக் குத்தினான். மறுபடியும் தட்டு வந்தது. சாயங்கால அசர் தொழுகைக்கான பாங்கு ஒலிக்கிற வரை இது நடந்தது. கடைசியில் வயிறு பொருமி, சிரிக்கும் முகத்தை அழுத்தினான். கதவு திறந்தது. அந்த வாரத்தின் மிக மகிழ்ச்சியான முதலீட்டாளர் என்று அவன் படத்தை மையத்தின் சுவரில் போட்டார்கள். படத்தில் வாயில் பாதிப் பேரீச்சம்பழம் தெரியும்.

படம் போட்ட மரியாதையால் டைரக்டரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. டாக்டர் ஹாரிப். இவர் நிஜமாகவே டாக்டர். வரிசையில் நிற்பவர்களின் மனநிலை பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். ஃபிக்ரியைக் கட்டித் தழுவி உட்காரவைத்தார்.

"பாஷா, உங்க கஷ்டத்தைக் கேட்டேன். கேட்டு ரொம்பப் பெருமையா இருந்தது. ஊர்ல மத்த இடங்கள்ல என்ன நடக்குது? ஒருத்தன் போறான், உரிமம் கேக்கறான், அன்னிக்கே குடுத்துடறாங்க. அவன் அதை எடுத்துக்கிட்டு நேரா வேலை பாக்கப் போயிடறான். திரும்பி வர்றதே இல்ல! இது ஒரு உறவா? எங்க வாடிக்கையாளர்களைப் பாருங்க, வாரா வாரம் வர்றாங்க. சில பேரு பேரப் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வர்றாங்க."

"ஐயா, எனக்கு மார்ச் முடியறதுக்குள்ள..."

"அவசரம்! அவசரம்தான் தப்பான உரிமத்துக்கு வழி. இந்த மையம் திறந்த நாள்லேர்ந்து ஒரே ஒரு தப்பான உரிமம் கூட வெளிய போனதில்லை, தெரியுமா? மூணு விருது வாங்கியிருக்கோம்."

"சரியான உரிமம் எவ்வளவு போயிருக்குங்க?"

டைரக்டர் அன்போடு அவன் தோளைத் தட்டினார். "அதுவும் போனதில்லை. குடுத்தாத்தானே பாஷா தப்பாகும்?"

ஃபிக்ரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். தெருவில் வீடு மாற்றுகிற லாரி ஒன்று சோபாவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு போனது. யாரோ ஒரு புரோக்கர் பிழைக்கிறான் என்று நினைத்துக்கொண்டானாம். என்னிடம் இதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியது.

"என் பொண்ணு பரீட்சை எழுதணும் ஐயா," என்றான். "வேற எதுவும் எனக்கு வேணாம். மனைவி சொன்னா எடுத்துக்குவீங்களா? என் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"தாராளமா. கோபத்துல இருக்கிற மனைவிதான் உலகத்துலேயே நம்பகமான சாட்சின்னு நானே விதிப் புத்தகத்துல எழுதி வெச்சிருக்கேன். அதுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆனா நீங்க சொல்லிக் குடுத்து கூட்டிட்டு வந்தா தூண் கண்டுபிடிச்சுடும். ரெண்டாவது எச்சரிக்கை ஆயிட்டா அப்புறம் உங்க ஃபைலையே மூடிடுவோம்."

ஆக, இன்சாஃபிடம் ஒன்றும் சொல்லவும் முடியாது, சொல்லாமல் கூட்டிவரவும் முடியாது. அதிலும் ஒரு சங்கடம். இன்சாஃப் அவனை 'ரீஹாம் அப்பா, வாங்க, போங்க' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசாதவள். அவள் குரல் உயர்ந்து நானே கேட்டதில்லை, அதுவும் எதிர்வீட்டில் இருந்துகொண்டு.

மார்ச்சின் கடைசி வேலை நாள். ஃபிக்ரி காலையிலேயே தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். ஷவ்கியும் வாயில் துணியைக் கட்டாத குறையாகக் கூட உட்கார்ந்திருந்தான். போகிறவர் வருகிறவரையெல்லாம் ஃபிக்ரி பரிதாபமாகப் பார்த்தான். யாராவது தெரியாத்தனமாக, வாய் தவறி, ஒரே ஒரு தரம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட மாட்டார்களா? ஒரு சிரியாக்காரர் வந்தார், அவனைப் பார்த்ததும், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க பேராசிரியரே," என்றார். தூண் ஒரு பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக்கொண்டது.

வீட்டில் இன்சாஃப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ரீஹாம் தன் அறையில் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்த வேதியியல் தாள்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து, கிழியாமல் மடித்து, ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் இன்சாஃப் தாங்கியிருப்பாள். "அம்மா, அங்க இது தேவைப்படாதுல்ல?" என்று மட்டும் கேட்டாளாம். இன்சாஃப் கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, வீட்டுச் செருப்போடு டாக்சி பிடித்து மையத்துக்கு வந்துவிட்டாள்.

கதவு திறந்ததும் ஃபிக்ரி எழுந்தான். "இன்சாஃப்! நீ எங்க இங்க..."

"உக்காரு!"

கூடமே திரும்பிப் பார்த்தது. காபி ஊற்றிக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது.

"உக்காருய்யா! மாசக்கணக்கா தினம் சட்டை மாட்டிட்டு வர்றியே, இங்க வந்து இதைத்தான் பண்றியா? பழம் தின்னுட்டு உக்காந்திருக்கியா? இன்ஜினியர்னா இளிக்கிற, டாக்டர்னா இளிக்கிற, பாஷான்னா மீசையைத் தடவிக்கிற! நீ யாருன்னு நான் சொல்லட்டுமா? நீ புரோக்கர்யா! வீட்டு புரோக்கர்! உடம்பு முழுக்க ஓடறது புரோக்கர் ரத்தம்! எங்கப்பா அன்னிக்கே சொன்னாரு, இவன் வாயை வித்துப் பொழைக்கிறவன்டின்னு, நான்தான் கேக்கல. கல்யாணம் ஆகி அலெக்சாண்டிரியா கூட்டிட்டுப் போனியே, நான் ரூம்ல ஒத்தையில உக்காந்திருக்கேன், நீ கீழ வரவேற்புல எவனோ ஒருத்தனுக்குக் கடலோரமா வீடு பேசி முடிச்சிட்டு விடிஞ்சப்புறம் வர்ற! என் மாமா செத்தப்ப அத்தை கையைப் புடிச்சு அழுதுட்டு, 'இந்த வீட்டை என்ன பண்ணப் போறீங்க அத்தை'ன்னு கேட்டியே, மறந்துட்டேன்னு நெனச்சியா? தூக்கத்துல கூட 'ரெண்டு பெட்ரூம், காத்தோட்டமா இருக்கும்'னு உளர்ற கழுதை நீ! கழுதை! ஊர்ல எல்லாருக்கும் வீடு பிடிச்சுக் குடுத்தியே, உன் பொண்ணு உக்காந்து படிக்க ஒரு சுவரைக் காப்பாத்த முடியலையே உன்னால! அவ ஒவ்வொரு தாளாப் பிச்சுட்டு இருக்காய்யா அங்க..."

முந்தானை மாதிரி தலைத்துணியின் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஃபிக்ரியும் அழுதுகொண்டிருந்தான். அவமானத்தால் அல்ல, அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை என்பதால்.

பச்சை விளக்கு எரிந்தது.

"வருக, புரோக்கர் ஃபிக்ரி," என்றது தூண். "சாட்சி: மனைவி. கோபம்: முழுமை. நடிப்பு: இல்லை. முந்தைய பட்டங்கள் யாவும் நீக்கப்படுகின்றன. உங்களுக்குத் தகுந்த உரிமம்: வீடு விற்பனை மற்றும் வாடகைத் தரகு, நாள் முழுவதும், பால்கனி உட்பட."

ரவ்தா மெல்ல எழுந்தாள். "சார்... அச்சடிக்கணும்," என்றாள், ஏதோ அவளைப் பிரசவம் பார்க்கச் சொன்ன மாதிரி. அச்சு எந்திரம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பேரீச்சம்பழப் பெட்டிகளுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடைத்தது. ஷவ்கிதான் பல்லால் கடித்து உறையைக் கிழித்தான்.

டைரக்டர் மாடியிலிருந்து ஓடி வந்தார். "நிறுத்துங்க! ஆராய்ச்சிக் குழு போடணும்! மூணு விருது..."

"மனைவியின் சாட்சிக்கு மேல்முறையீடு இல்லை," என்றது தூண். "விதிப் புத்தகம், முதல் பக்கம்."

"கம்பெனிக்குப் பேர் வேணும் சார்," என்றாள் ரவ்தா அவசரமாக, டைரக்டரைப் பார்க்காமல். "தூணே ஒண்ணு எடுத்திருக்கு. இதுவரைக்கும் யாரும் பதிவு பண்ணாத பேர். போட்டுடட்டுமா?"

"எதை வேணாலும் போடு மகளே!"

தாள் சூடாக வெளியே வந்தது. ஃபிக்ரி வாங்கிப் படித்தான். 'கழுதை வீட்டுத் தரகு நிலையம். உரிமையாளர்: புரோக்கர் ஃபிக்ரி.' கீழே முத்திரை. விசாவுக்கு இது போதும், குடும்பத்துக்கும் போதும், ஜூனுக்கும் போதும்.

இன்சாஃபுக்கு அப்போதுதான் தான் என்ன பேசினோம் என்று உறைத்தது. முகம் சிவந்துபோய் அவன் கையைப் பிடித்தாள். "என்னை மன்னிச்சுடுங்க. நீங்க போய்... என் உசிரே, நான் போய் உங்களை..."

தூணின் விளக்கு மினுங்கத் தொடங்கியது. ஃபிக்ரி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான்.

"பேசாத! உனக்குப் புண்ணியமாப் போகும், ஒரு நல்ல வார்த்தை பேசாத! எல்லாம் போயிடும்!"

வாயைப் பொத்தியபடியே அவளை நடத்திக்கொண்டு போய், வாசலில் முழங்கையால் சிரிக்கும் முகத்தை அழுத்திவிட்டு வெளியே வந்தான். அவள் அவன் உள்ளங்கைக்குள் என்னென்னவோ முனகினாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஷவ்கி முன்னால் ஓடி, எதிரே வந்த எகிப்துக்காரர்களையெல்லாம் சலாம் சொல்லவிடாமல் துரத்தினான். கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் ஃபிக்ரி கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தான்.

இன்சாஃப் முதலில் வீட்டுக்குப் போன் போட்டாள். "ரீஹாம், பிச்ச தாளையெல்லாம் திரும்ப ஒட்டுடி. ஆமா, எல்லாத்தையும். உங்கப்பாவுக்கு உரிமம் கிடைச்சுடுச்சு." அந்தப் பக்கம் கேட்ட அலறலை ஷவ்கியும் கேட்டான்.

போனை மடியில் வைத்துவிட்டு அவள் ஃபிக்ரியின் பக்கம் திரும்பினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எதிரே விளக்குக் கம்பத்தில் பச்சையாக ஏதோ மின்னியது. வெறும் தெருவிளக்காகவும் இருக்கலாம், யார் கண்டது. அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"வண்டியை எடுடா, கழுதை," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவ்வளவு ஆசையாகத் தன்னைக் கூப்பிட்டதில்லை என்கிறான் ஃபிக்ரி.